கட்டில் வரை கேட்ட குரல்

திண்டிவனத்தில் ஆரோக்கியசெல்வியின் வீட்டில் இரண்டு அறைகளும் ஒரு சமையல்கட்டும்தான். முன் அறையில் ஜன்னலோரம் அவளுடைய மேசை. அதற்குப் பின்னால் மாமியார் ஜெயத்தின் கட்டில். நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளினால் கட்டில் சட்டத்தில் இடிக்கும். போன வருஷம் குளியலறையில் வழுக்கி விழுந்து ஜெயத்துக்கு இடுப்பெலும்பு உடைந்தது. விழுப்புரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து தகடு வைத்த பிறகும் கட்டிலை விட்டு அதிகம் எழுந்திருக்க முடியவில்லை.

செல்விக்கு வீட்டிலிருந்தே வேலை. மில்லுகளிலும் செங்கல் சூளைகளிலும் வேலை பார்த்த பெண்களைச் சந்தித்து அவர்கள் பட்ட பாடுகளைப் பதிவு செய்கிற ஆய்வு மையம் ஒன்று விழுப்புரத்தில் இருந்தது. அந்தப் பதிவுகளைக் கேட்டு ஒரு வார்த்தை விடாமல் தட்டச்சு செய்து அனுப்ப வேண்டும். கோப்புகளில் பெயர் இருக்காது, எண் மட்டும் இருக்கும். சேர்ந்த அன்றே மையத்தின் பொறுப்பாளர் சித்தார்த்தன் அவளிடம் ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார். இந்தப் பதிவுகளை வேறு யாரும் கேட்கக் கூடாது என்பதுதான் அதில் முதல் வரி.

ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் காதை இறுக மூடும் ஹெட்போனை மாட்டியதில் செல்விக்கு இரண்டு காதிலும் பூஞ்சை பிடித்துக்கொண்டது. காதுக்குக் காற்று போக வேண்டும் என்றார் டாக்டர். அதைவிடப் பெரிய தொல்லை, மாமியார் கூப்பிடுவது கேட்காமல் போனது. ஒருநாள் ஜெயம் நாலைந்து தடவை கூப்பிட்டும் செல்வி திரும்பவில்லை. அவள் எழுந்து பார்த்தபோது படுக்கை நனைந்திருந்தது. ஜெயம் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்திருந்தாள்.

செல்வியின் சித்தப்பா மகன் தென்னரசு புதுச்சேரியில் ஒலிப்பதிவு வேலை செய்பவன். அவன் தன்னிடமிருந்த ஹெட்போனைப் பாதி விலைக்குக் கொடுத்தான். வயர் கிடையாது. இரண்டு பக்கமும் உள்ளங்கையைவிடப் பெரிய வட்டம். அதன் வெளிப்புறம் மூடியில்லாமல் சல்லடை மாதிரிக் கம்பி வலையாக இருந்தது.

"மத்ததுல குட்டி ஸ்பீக்கர் இருக்கும்க்கா. இதுல காந்தத்துக்கு நடுவுல தாளு மாதிரி ஒரு படலம், அது முழுசா அதிரும். ஒருத்தர் எச்சி முழுங்கினாகூட உனக்குக் கேக்கும். பின்னாடி தொறந்திருக்கு, காத்தும் வரும், வூட்டுச் சத்தமும் வரும்" என்றான் தென்னரசு. கூடவே, "ஆனா உள்ள ஓடுறதும் வெளிய கேக்கும். பக்கத்துல மைக்கு இருந்தா நாங்க இத மாட்ட மாட்டோம்" என்றும் சொன்னான்.

மைக் வைக்கிறவர்கள் கவலை என்று செல்வி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

முதல் நாள் மாட்டியபோது தலையில் ஏதோ பாத்திரம் கவிழ்த்த மாதிரிக் கனத்தது. சாயங்காலத்துக்குள் கழுத்து வலித்தது. ஆனால் காதில் விழுந்தது அவளை மலைக்க வைத்தது. பேசுகிற பெண் புடவைத் தலைப்பை இழுத்துவிடுவது கேட்டது. பேட்டி எடுப்பவர் பேனாவை மூடுவது கேட்டது. முன்பெல்லாம் 'தெளிவாக இல்லை' என்று எழுதி விட்டுவிட்ட இடங்களில் இப்போது முழு வாக்கியமே கிடைத்தது. அதே நேரம் சமையல்கட்டில் குக்கர் விசில் அடிப்பதும், "செல்வி, தண்ணி" என்று மாமியார் கேட்பதும் காதில் விழுந்தன. இனி ஒரு குறையும் இல்லை என்று நினைத்தாள்.

ஐந்து வாரம் அப்படியே போனது. ஒரு காலையில் மாமியாருக்குக் கேப்பைக் கூழ் ஊட்டிக்கொண்டிருந்தபோது ஜெயம் சாதாரணமாகக் கேட்டாள்.

"அந்தக் கண்டாச்சிபுரத்துப் பொண்ணு, மிஷின்ல கைய வுட்டுச்சே, அதுக்கு நஷ்டஈடு குடுத்தாங்களா இல்லியா?"

செல்வியின் கையில் இருந்த ஸ்பூன் பாதியில் நின்றது. "எந்தப் பொண்ணு அத்த?"

"முந்தாநேத்து நீ கேட்டுக்கினு இருந்தியே. பாவம், அழுதுக்கினே சொல்லிச்சி."

செல்வி கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு ஹெட்போனை எடுத்து நாற்காலியின் மேல் வைத்தாள். தான் எப்போதும் கேட்கும் அளவிலேயே ஒரு பதிவை ஓடவிட்டு, கட்டிலில் மாமியார் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரிக் கேட்டது. ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது. பேர்கூட இல்லாத அத்தனை பெண்களும் நம்பிச் சொன்னதையெல்லாம் தான் ஐந்து வாரமாக ஒரு அறையில் பரப்பிக்கொண்டிருந்தது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"இவ்ளோ நாளா ஏன் அத்த சொல்லல?"

"எனக்கும் பொழுது போவணுமே" என்றாள் ஜெயம்.

அன்றைக்கே சித்தார்த்தனிடம் சொல்லியிருக்க வேண்டும். செல்வி சொல்லவில்லை. வேலை போய்விடும் என்று பயந்தாள். கட்டிலை விட்டு எழுந்திருக்காதவள் யாரிடம் போய்ச் சொல்லப் போகிறாள் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். மேசையைச் சுவர்ப் பக்கம் திருப்பினாள். கட்டிலுக்கும் நாற்காலிக்கும் நடுவே பழைய புடவை ஒன்றைத் திரையாகக் கட்டினாள். ஒலியைக் குறைத்தாள். புடவை சத்தத்தை நிறுத்துமா என்று யோசிக்கக்கூட அவளுக்குத் தெம்பு இல்லை.

நவம்பரில் ஒரு நாள், பதினோரு மணி இருக்கும். மழை விட்டிருந்தது. தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை. செல்வி நாற்பத்தொன்றாம் எண் கோப்பைத் திறந்தாள். மெதுவாகப் பேசுகிற குரல். கேட்பதற்காக ஒலியைக் கூட்டினாள். கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில், பத்தொன்பது வயதில் சேர்ந்தது, ஹாஸ்டல், ராத்திரி ஷிஃப்ட். இதுவரை நாற்பது பேர் சொன்ன மாதிரியேதான் தொடங்கியது. விரல்கள் தம் பாட்டுக்குத் தட்டிக்கொண்டிருந்தன.

"சூப்பர்வைசர்தான். யார்கிட்ட போய் சொல்றது. அஞ்சு மாசம் ஆயிடுச்சி. எங்கம்மாவுக்கு மட்டும் போன் பண்ணிட்டு பஸ் ஏறினேன். அம்மா பஸ் ஸ்டாண்டுக்கே வந்துட்டாங்க. வூட்டுக்குக் கூட்டிக்கினு போவத்தான் வந்திருக்காங்கன்னு நெனச்சேன். ஒரு பொட்டலம் இட்லி வாங்கிக் குடுத்தாங்க. நான் துன்னு முடிக்கிற வரைக்கும் பக்கத்துலயே நின்னாங்க. அப்புறம் கைல எரநூறு ரூபாய வச்சி, திரும்பப் போற பஸ்ல ஏத்திவுட்டுட்டாங்க. இந்த வயித்தோட நம்ம தெருவுல கால் வைக்காத, உன்ன செத்துட்டான்னு நெனச்சிக்கிறேன்னு சொன்னாங்க."

திரைக்குப் பின்னால் எவர்சில்வர் டம்ளர் தரையில் விழுந்து உருண்டது.

"அது வேணி" என்றாள் ஜெயம்.

செல்வி ஹெட்போனைக் கழற்றினாள். கழற்றிய பிறகும் அவள் கையிலிருந்தே குரல் பேசிக்கொண்டிருந்தது, இன்னும் நன்றாகக் கேட்கும்படி. பதறிப்போய் லேப்டாப்பில் நிறுத்தத் தேடினாள். நின்றதும் அறை காலியாகிவிட்டது போல இருந்தது.

வேணி என்பது செல்வியின் கணவன் சகாயராஜின் தங்கை. கல்யாணமாகி வந்த இந்த ஒன்பது வருஷத்தில் அந்தப் பெயரை அவள் இரண்டு மூன்று தடவைதான் கேட்டிருக்கிறாள். மில் வேலைக்குப் போன இடத்தில் யாருடனோ ஓடிவிட்டாள் என்பதுதான் அவளுக்குச் சொல்லப்பட்டது. முகம் தெரியாது, குரல் தெரியாது. வீட்டில் ஒரு போட்டோகூடக் கிடையாது.

திரையை விலக்கினாள். ஜெயம் கட்டில் சட்டத்தைப் பிடித்து எழுந்திருக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேற யாராச்சும் இருப்பாங்க அத்த. இந்த மாதிரி கதை நெறைய வருது."

"இட்லி வாங்கிக் குடுத்தவ நான்தான்" என்றாள் ஜெயம். "மீதிய போடு. கேக்கணும்."

இந்தக் கிழவிக்குச் செல்வி ஒன்பது வருஷமாகத் தலை வாரி விட்டிருக்கிறாள், ஆபரேஷனுக்குப் பிறகு மலமூத்திரம் எடுத்திருக்கிறாள். அவள் இப்படி ஒன்றை நெஞ்சில் வைத்துக்கொண்டு தினமும் சிலுவை போட்டுக் கும்பிட்டிருக்கிறாள்.

"போட முடியாது அத்த" என்றாள்.

ஆனால் அவளால் கேட்காமல் இருக்க முடியவில்லை. லேப்டாப் பேட்டரி செத்துப்போய் பல மாதம். சுவரில் மாட்டிய சார்ஜரை விட்டு அதைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. ஹெட்போனை மட்டும் மாட்டிக்கொண்டு சமையல்கட்டைத் தாண்டிப் பின்வாசல் துவைக்கிற கல்வரைக்கும் நடந்தாள். ஹெட்போனிலேயே இருந்த பொத்தானை அழுத்தினாள். இரண்டு சுவர் தாண்டி வந்த குரல் விட்டு விட்டுக் கேட்டது. ஒரு எட்டு பின்னால் வைத்தாள், சேர்ந்தது.

மகள் பிறந்ததை அந்தக் குரல் சொன்னது. எங்கெங்கோ வேலை செய்து கடைசியில் விழுப்புரத்துக்கு வந்து, ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலைக்குச் சேர்ந்து பதினோரு வருஷம் ஆகிறதாம். விழுப்புரம் ஒரு மணி நேரப் பயணம்கூட இல்லை. செல்வி கல்லின் மேல் உட்கார்ந்தாள்.

"போன வருஷம் எங்கம்மாவ ஸ்ட்ரெச்சர்ல தள்ளிக்கினு வந்தாங்க. எங்க வார்டுக்கேதான். பார்த்ததும் தெரிஞ்சிடுச்சி. மாஸ்க் போட்டிருந்தேன், என்ன தெரியல. கூட ஒருத்தங்க இருந்தாங்க, எங்கண்ணன் சம்சாரமாத்தான் இருக்கணும். வெந்நீ புடிக்க கப்பு இல்லாம நின்னுக்கினு இருந்தாங்க. என் டம்ளர குடுத்தேன். கழுவித் திருப்பிக் குடுத்துட்டு தேங்க்ஸ்க்கான்னாங்க. நல்ல மாதிரிதான் தெரிஞ்சாங்க. அன்னிக்கே சொல்லி வேற வார்டுக்கு டூட்டி மாத்திக்கினேன்."

செல்விக்கு நினைவு வந்தது. நீலக் கோட்டு, மாஸ்க்குக்கு மேலே இரண்டு கண். அந்தக் கண் தன்னை ஏன் அவ்வளவு நேரம் பார்த்தது என்று அவள் அன்று யோசிக்கவே இல்லை. பதிவு முடிந்து, பேட்டரி குறைகிறது என்று ஹெட்போனின் இயந்திரப் பெண் குரல் இங்கிலீஷில் சொன்னதுகூட அவளுக்கு வெகு தூரத்தில் கேட்டது.

சகாயராஜ் லாரிக்கு பாடி கட்டுகிற பட்டறையில் வெல்டர். சாயங்காலம் வந்து கை கால் கழுவினான். செல்வி எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நின்றாள். ஜெயமே அவனைக் கூப்பிட்டு உட்காரச் சொல்லி, பஸ் ஸ்டாண்டில் நடந்ததைச் சொன்னாள். ஒன்றையும் குறைத்துச் சொல்லவில்லை. உயிரோடுதான் இருக்கிறாள், குரலைக் கேட்டேன் என்றாள்.

சகாயராஜ் துண்டைக் கொடியில் போடாமல் கையிலேயே சுருட்டினான்.

"நான் ரெண்டு வருஷம் ஊர் ஊரா போயி மில்லு மில்லா தேடினேனே" என்றான். "ஒவ்வொரு வாட்டியும் நீதான சோறு கட்டிக் குடுத்த."

ஜெயம் விரிப்பின் ஓரத்தை இழுத்து விட்டுக்கொண்டாள்.

"போவாத, அவ வரமாட்டான்னாச்சும் சொல்லியிருக்கலாமே. எல்லாம் தெரிஞ்சிக்கினே கட்டிக் குடுத்தியாம்மா?"

அதற்குப் பிறகு ஒரு மாதம் அவன் தாயிடம் பேசவில்லை. காலையில் தூக்கி உட்கார வைப்பான், மாத்திரையைக் கையில் கொடுப்பான், போய்விடுவான்.

ஜெயம் மகனிடம் சொன்னதற்கு மறுநாளே, முதல் பஸ்ஸில் செல்வி விழுப்புரம் போனாள். பின்வாசலில் தான் மட்டும் கேட்டது எதையும் அவள் கணவனிடம்கூடச் சொல்லவில்லை, விழுப்புரம் என்பதையும்தான். சித்தார்த்தன் மேசைக்கு எதிரே நின்று, ஹெட்போன் வாங்கியதிலிருந்து டம்ளர் விழுந்தது வரை சொன்னாள். கண்டாச்சிபுரத்துப் பெண்ணைப் பற்றி மாமியார் கேட்டதையும், அதன் பிறகும் தான் வாயை மூடிக்கொண்டிருந்ததையும் மறைக்கவில்லை.

சித்தார்த்தன் நிதானமான ஆள். அவர் முகம் வெளுத்துப்போனதை அவள் அன்றுதான் பார்த்தாள்.

"எத்தன ஃபைல் இந்த ஹெட்போன்ல கேட்டீங்க?"

"பதினேழு சார்."

"தெரிஞ்சப்புறம்?"

"ஆறு."

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "முதல்ல நடந்தது தெரியாம நடந்தது மேடம். அந்த ஆறு அப்படியில்ல."

"ஆமாம் சார்."

"நாப்பத்தொண்ணு யாருன்னு நான் சொல்ல மாட்டேன். நீங்க நெனைக்கிற ஆளுதானான்னும் சொல்ல மாட்டேன். ஆனா அந்தப் பதினேழு பேர்கிட்டயும் நான் நேரா போயி, உங்க குரல வேற ஒருத்தர் கேட்டுட்டாங்கன்னு சொல்லியாகணும். அவங்கள்ல யாருக்காச்சும் உங்ககிட்ட பேசணும்னா பேசட்டும். இல்லன்னா இல்ல. நீங்க தேடிப் போகக் கூடாது."

"போவ மாட்டேன் சார்" என்றாள். கையோடு கொண்டுபோயிருந்த லேப்டாப்பில் இருந்த கோப்புகளை அவர் எதிரிலேயே அழித்தாள். வேலை அன்றோடு முடிந்தது. ஆஸ்பத்திரி பஸ் அவள் எதிரில்தான் வந்து நின்றது. ஏறாமல் திண்டிவனம் பஸ்ஸுக்காக நின்றாள். வாழ்க்கையில் அவ்வளவு கஷ்டப்பட்டு எதையும் செய்யாமல் இருந்ததில்லை என்று பின்னால் சொன்னாள்.

இருபத்திரண்டு நாள் கழித்து, தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது.

"அண்ணி, நான்தான்" என்றது அந்த மெதுவான குரல்.

விழுப்புரம் பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே ஒரு டீக்கடையில் சந்தித்தார்கள். செல்வியை மட்டும் வரச் சொல்லியிருந்தாள். வேணிக்கு முப்பத்தேழு வயது, நெற்றியோரம் நரைத்திருந்தது. உட்கார்ந்ததும் கேட்டாள்.

"ஊரைக் கூட்டி ஸ்பீக்கர்ல போட்டீங்களா?"

"சத்தியமா இல்ல வேணி."

"காதுல மாட்டுறது எப்படி வெளிய கேக்கும்? சாரு என்னமோ சொன்னாரு, எனக்கு நம்பிக்கை வரல."

இதைக் கேட்பாள் என்று செல்விக்குத் தெரிந்திருந்தது. பையிலிருந்து ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டாள். போனில் செய்தி ஒன்றை ஓடவிட்டாள். வேணி மேசைக்குக் குறுக்கே குனிந்து காதைக் கொடுத்தாள். பஸ் ஸ்டாண்டு இரைச்சலிலும் செய்தி வாசிப்பவரின் குரல் மெலிசாக வந்தது. வேணி கையை நீட்டி வாங்கி, பின்பக்கத்துக் கம்பி வலையை விரலால் தடவிப் பார்த்தாள்.

"ஒரு வாரம் தூங்கல அண்ணி. யாருக்கும் தெரியாதுன்னுதான் வாயத் தொறந்தேன்" என்றாள். பிறகு, "எல்லாத்தயும் கேட்டாங்களா அவங்க?"

"பஸ் ஸ்டாண்டு வரைக்கும். ஆஸ்பத்திரி சமாச்சாரம் நான் மட்டும்தான் கேட்டேன். யார்கிட்டயும் சொல்லல."

"இன்னா சொன்னாங்க?"

"இட்லி வாங்கிக் குடுத்தவ நான்தான்னாங்க. அண்ணன்கிட்ட அவங்களே சொன்னாங்க."

வேணி இதை எதிர்பார்க்கவில்லை. தாய் இல்லையென்று சாதிப்பாள் என்றுதான் நினைத்து வந்திருந்தாள். டீ டம்ளரை மேசையின் ஓரத்துக்குத் தள்ளி வைத்தாள்.

"எங்கண்ணன் தேடினானா?"

"ரெண்டு வருஷம்."

அப்போதுதான் அவள் அழுதாள். வேடிக்கை பார்த்தவர்களைப் பற்றி இருவரும் கவலைப்படவில்லை.

பதிவை மையத்திலிருந்து நீக்கச் சொல்லிவிட்டாள் வேணி. அண்ணனை முதலில் பார்க்கச் சம்மதித்தாள். சகாயராஜ் அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனான். மருமகள் பிளஸ் டூ படிக்கிறாள் என்பதைத் திரும்பி வந்து நாலு தடவை சொன்னான். தங்கையிடம் என்ன பேசினான் என்பதை மட்டும் சொல்லவில்லை. அன்று ராத்திரி தாயிடம், "சாப்ட்டியா" என்று கேட்டான்.

செல்விக்கு இரண்டு மாதத்தில் வேறு வேலை கிடைத்தது. மயிலத்தில் பள்ளிப் பாட வீடியோ தயாரிக்கிற ஒருவருக்குப் பாடங்களைக் கேட்டு எழுத்தில் போட்டுக் கொடுக்கிறாள். அந்த வேலையை வாங்கும்போதே, வீட்டில் இன்னொருவர் காதிலும் விழும் என்று சொல்லித்தான் வாங்கினாள். பாடம்தானே, விழட்டும் என்று அவர் சிரித்தார்.

வேணி திண்டிவனத்துக்கு வந்தது பொங்கல் கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவள் கட்டிலைப் பார்க்காமல் நாற்காலியில் உட்கார்ந்தாள். செல்வி கொடுத்த தண்ணீரைக் குடித்தாள். ஜெயம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேணி" என்றாள்.

வேணி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து கட்டில் பக்கம் போனாள். தாயின் முதுகுக்குக் கீழே கையை விட்டுப் பார்த்தாள். அவள் முகம் மாறியது.

"அண்ணி, இந்தப் புண்ணு எத்தன நாளா இருக்கு?"

"பத்து நாளா. மருந்து போட்டுக்கினுதான் இருக்கேன்."

"மருந்து மட்டும் போட்டா போதாது, ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் திருப்பிப் போடணும். துணி சுருங்காம இருக்கணும். வேற பெட்ஷீட் குடுங்க."

"வேணி, நான் உன்ன..." என்று ஜெயம் தொடங்கினாள்.

"அத இப்ப பேசாதீங்க. அந்தப் பக்கம் திரும்புங்க."

ஜெயம் திரும்பினாள். ஆளைக் கட்டிலிலேயே வைத்துக்கொண்டு விரிப்பைப் பாதி பாதியாகச் சுருட்டி மாற்றினாள் வேணி. ஆஸ்பத்திரியில் பார்த்துப் பழகிய கை. செல்விக்கு அது எப்படி என்று ஒருமுறை செய்து காட்டினாள். புண்ணைத் துடைத்தாள். இருட்டுவதற்குள் பஸ் ஏறிப் போய்விட்டாள்.

அதன் பிறகு மாதத்தில் இரண்டு தடவை வருகிறாள். புண் ஆறிவிட்டது. தாயை அம்மா என்று இன்னும் கூப்பிடவில்லை, கேட்டதற்குப் பதில் மட்டும் சொல்கிறாள். மகளை அழைத்து வந்ததில்லை. ஜெயம் அதை ஒரே ஒருமுறை கேட்டாள்.

"அவகிட்ட எல்லாத்தயும் சொல்லிட்டேன்" என்றாள் வேணி. "வரணும்னு அவளுக்குத் தோணினா வருவா."